சலுகை

நல்லபடியாக இருந்தபோது அவள் கடைசியாகச் செய்த வேலை, பள்ளி முற்றத்து மழைமானியைப் பார்த்துப் பலகையில் அளவு எழுதியதுதான். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றும் எங்கள் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து இணையத்தில் மழைக்கணக்கு எழுதிவந்தோம். அன்றுதான் முதல் நேரலை. எங்கள் பக்கம் பேச வேண்டியவள் அவள்.

"டீச்சர், தலை ரொம்ப வலிக்குது. கழுத்தைத் திருப்ப முடியல."

"கேமராவைப் பார்த்ததும் காய்ச்சல் வந்துடுச்சு டீச்சர்!" என்றான் வகுப்பு லீடர். எல்லோரும் சிரித்தார்கள்.

நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

"வீட்டுக்குப் போகணும் டீச்சர்."

"பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கோ."

இணைப்பு விட்டுவிட்டு வந்ததில் பத்து நிமிடம் இரண்டு மணி நேரமானது. முறை வந்ததும் எழுந்து தெளிவாகப் பேசினாள். திரையில் அந்த நாட்டுப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே மேசையில் சரிந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், "டீச்சர், இப்பப் போகலாமா?" என்று முனகினாள்.

"மூளைக்காய்ச்சல். ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருக்கணும் டீச்சர்," என்றார் டாக்டர். "இவங்க அம்மாவைக் கூப்பிடுங்க, கையெழுத்து வேணும்."

"நான்தான் அம்மா."

பள்ளிக்குள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

வேறு வீட்டுப் பிள்ளை என்றால் நெற்றியைத் தொட்டவுடன் அனுப்பியிருப்பேன். பெற்ற பிள்ளைக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன்.

இன்றுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.