பின்னால் போகாத பேருந்து

எதிரே சவ வண்டி வந்து நின்றது.

கால்பந்து அணியின் பேருந்தும் நின்றது. ஒன்று போனால்தான் இன்னொன்று வர முடியும், அவ்வளவு ஒடுக்கமான தெரு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் வீட்டுச் சுவரில் இடிக்கும்.

முன் இருக்கையில் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். சவப்பெட்டிக்குள் யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தோரின்.

இந்த ஊர்க்காரன். ஒன்பது வருடம் அவரோடு முன்வரிசையில் ஓடியவன். அவர் அடித்த கோல்களில் பாதிக்கு மேல் அவன் காலிலிருந்து வந்தவை. கோல்கீப்பர் விழுந்து கிடப்பான், வலை ஆவென்று திறந்திருக்கும், தோரின் தானே அடித்திருக்கலாம். அப்போதும் பந்தை அவர் பக்கம் தள்ளிவிடுவான். மறுநாள் பேப்பரில் அவர் படம் வரும். ருமேனியா முழுக்க அவர் பெயரைச் சொல்லும்.

பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார்.

தோரின் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தான், அவருடைய அணியிலேயே. இதுதான் என் கடைசி மேட்ச் என்று சொல்லி மனைவியை ஊரிலிருந்து வரவழைத்திருந்தான். அவள் பூங்கொத்தோடு கேலரியில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவனைக் களத்தில் இறக்கவே இல்லை. கடைசி விசில் வரைக்கும் பெஞ்சிலேயே வைத்திருந்தார். நட்பு வேறு வேலை வேறு என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது, காட்டினார். கறாரான ஆள் என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்தே அடுத்தடுத்து வேலையும் கிடைத்தது.

அன்றோடு பேச்சு முறிந்தது.

இன்றைக்கு இதே ஊரில் ஆட்டம். தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும், அவர் வேலையும் அதோடு சரி. தோரின் செத்த செய்தி முந்தாநாளே வந்துவிட்டது. மேட்ச் அன்று அடக்கத்துக்கு எப்படிப் போவது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். தேவாலயத்துப் பக்கமே போகாதே, வெளிச்சாலையில் போ என்று ஓட்டுநரிடம் சொல்லியும் வைத்தார். வெளிச்சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

பாதிரியார் ஓட்டுநரின் ஜன்னலுக்கு வந்தார்.

"கொஞ்சம் பின்னால எடுங்க தம்பி."

ஓட்டுநர் திரும்பிப் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தார்.

ஆட்டத்துக்குப் போகிற பேருந்து பின்னால் போகக் கூடாது. போனால் தோல்வி நிச்சயம். அப்படி ஒரு நம்பிக்கை அவர்களுக்கு. ஒருமுறை பெட்ரோல் பங்கில் வழியை மறித்து நின்ற காரை அணியே இறங்கித் தூக்கி ஓரமாக வைத்திருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும். தோற்றுக்கொண்டே இருக்கிற அணிக்குச் சிரிப்பு வராது. அவர் இந்த விஷயத்தில் குரங்குப்பிடி. மறந்துபோய்ப் பின்னால் எடுத்த பழைய ஓட்டுநரைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

எடுப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பின் இருக்கைகளிலிருந்து ஆட்டக்காரப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். சவ வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். ருக்சாந்த்ரா, தோரினின் மனைவி. தலையில் கறுப்புத் துணி. கையில் எரியும் மெழுகுவர்த்தியைக் காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தார். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

அவள் பாதிரியார் பக்கம் திரும்பினாள்.

"அது பின்னால போகாது ஃபாதர். மேட்சுக்குப் போற பஸ். நாம பின்னால போயிடலாம்."

ஆட்டக்காரன் பெண்டாட்டி. அவளுக்குத் தெரியாததா.

சவ வண்டி பின்னால் நகர்ந்தது. கூட வந்தவர்கள் சுவரோடு சுவராக ஒண்டினார்கள். ஒரு கிழவர் பெரிய ஊதுகுழலைக் கட்டிப் பிடித்தபடி, கால் தடுக்கத் தடுக்கப் பின்னால் நடந்தார். ருக்சாந்த்ரா வண்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அதோடு சேர்ந்து போனாள்.

செத்த பிறகும் தோரின்தான் விட்டுக்கொடுத்தான்.

இந்த மனிதனுக்குப் போய் அப்படிச் செய்தோமே என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது. பையன்கள் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

தெரு அகலமான இடத்தில் சவ வண்டி ஒதுங்கி நின்றது. பேருந்து அதன் பக்கத்தில் போனதும் ஓட்டுநர் நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை, அவராகவே கதவைத் திறந்தார்.

குளிர் உள்ளே வந்தது. மெழுகின் வாசம் வந்தது.

அவர் எழுந்தார். ஒரு காலைப் படியில் வைத்தார்.

ருக்சாந்த்ரா அவரைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் உண்டானது.

இறங்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. இறங்கினால் கல்லறை வரைக்கும் நடக்க வேண்டும். மண் போடும் வரைக்கும் நிற்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மேட்சுக்கு நேரமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

"கதவை மூடுப்பா."

ஓட்டுநர் உடனே மூடவில்லை.

பிறகு மூடினார்.

மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. உடை மாற்றும் அறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பையன்கள் பைகளைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

அவர் பூட்டைப் பார்த்தபடி நின்றார். ஓட்டுநர் பக்கத்தில் வந்தார்.

"ரொம்ப சீக்கிரம் வந்துட்டோம் கோச்."