பக்கத்து சைட்டுக்கு ஆள் வருகிறது

தாராபுரத்துக்கு வெளியே இந்த வீட்டுமனை லேஅவுட்டில் இன்றைக்கு வெயில்கூட ‘ங்க’ போட்டுத்தான் விழுகிறது. புரோக்கரான நான் இங்கே சைட் விற்றதைவிட என் வண்டி பஞ்சரானதே அதிகம். மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்களில் வெள்ளாடுகள் முதுகு சொறிகின்றன. பல வருடங்களாக இங்கே இருப்பது சண்முகப்ரியாவின் வீடு ஒன்றுதான். அதன் மாடியில் தொங்கும் திருஷ்டி பொம்மை, ஆளே வராத ரோட்டை நாக்கை நீட்டி மிரட்டி மிரட்டி வெளுத்துவிட்டது. இப்போது பக்கத்து சைட்டைப் பார்க்க ஜெரோமும் அவன் மனைவி இனியாவும் வந்து நிற்கிறார்கள். “இந்தப் பொட்டக்காட்டுல தனியா எப்படிங்க்கா இருக்கறீங்க?” என்கிறாள் இனியா. “நீங்க வந்துட்டா தனி இல்லீங்களே அம்மணி” என்று சண்முகப்ரியா மோர்ச் சொம்பை நீட்டுகிறாள். நான் வாயைத் திறக்கிறேன். “அண்ணா, நீங்க கம்முனு இருங்க. போன தடவ வந்தவங்கள நீங்க பேசிப் பேசியே ஓட்டிப்போட்டீங்க” என்கிறாள் சண்முகப்ரியா. மூடிக்கொள்கிறேன். இனியா செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை எங்கே வரும் என்று கணவனுக்கு நடந்து காட்டுகிறாள். செம்மண்ணில் அவள் காலடிகள் சுவர்போல நீள்கின்றன. அதைப் பார்த்ததும் சண்முகப்ரியா சத்தமில்லாமல் மாடியேறிப் பொம்மையை அவிழ்க்கிறாள். “ஏனுங்க அம்மணி, ஊட்டு மேல கண்ணு பட்டுறாதுங்களா?” என்கிறேன். “படட்டுங்ணா” என்கிறாள், பொம்மையின் முகத்தை முந்தானையால் துடைத்தபடி. “கண்ணு வெக்கவாச்சும் ஒரு ஆளு பக்கத்துல வேணுமுங்களே.”