ஜெயபுரம் மதகடியில் குவியும் கழிவுகள்

இலங்கைத் தீவில் உண்மையை மட்டும் எழுதும் பேனா ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அக்கராயனில், தில்லைநாதனின் சட்டைப் பையில் இருக்கிறது. இதை அவரே பலமுறை உறுதிப்படுத்தியிருக்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை காலையும் பேனா எழுதிக்கொண்டிருந்தது. எழுதியவரின் மூக்கைச் சுற்றி ஒரு லேஞ்சித் துணி இறுகக் கட்டியிருந்தது.

காரணம், வீட்டு வாசல் படலைக்கு எதிரே வாய்க்கால் மதகடியில் கிடந்தது. கோழிக்குடல், இறகு, பிள்ளைகளின் பம்பர்ஸ், புழுத்துப்போன பப்பாசிப்பழம் எல்லாம் வெயிலில் ஒன்றாக வெந்து, பச்சை நிறத்தில் ஏதோ ஒரு நீரைக் கக்கிக்கொண்டிருந்தன. இலையான்கள் அங்கே சாப்பிட்டுவிட்டு, கால் கழுவாமல் வந்து தில்லைநாதனின் தேநீர்க் கோப்பையில் மொய்த்தன. நாய் ஒன்று தன் பங்குக்கு ஒரு முழக் குடலை இழுத்துவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் யதுர்ஷிகாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நல்ல இடம். ஆனால் இந்த நாற்றத்துக்கு அவர்கள் வாகனத்தின் கண்ணாடியைக்கூட இறக்கமாட்டார்கள், அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மனைவி பத்மாசனி சொல்லிச் சொல்லி அழுதாள். வெட்கத்தை விட்டு ஒரு மண்வெட்டியை எடுங்கள் என்றும் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஆரோ ஊத்தையன் போட்டதை நான் ஏன் அள்ளுறது? உவங்களுக்குப் பேனாதான் மருந்து," என்றார் தில்லைநாதன்.

பத்திரிகைக்கு எழுதி முடித்த கடிதத்தை, லேஞ்சியைக் கழற்றிவிட்டுச் சத்தமாக வாசித்தார். தன் வீட்டு வாசலில் கிடப்பதை விடியமுன்னர் அள்ளிக்கொண்டுபோய் அடுத்தவன் வாசலில் கொட்டுகிறவன் மனிதப் பிறவியே அல்ல, அவனை அந்தக் குப்பைக்குள்ளேயே கழுத்துவரை புதைக்க வேண்டும் என்று கடிதம் முடிந்தது. கடைசி வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். நாய் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றது.

ஒரே ஒரு சிக்கல். ஒரே கடிதத்தை எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பினால் ஒருவரும் போடமாட்டார்கள். அதற்குத் தில்லைநாதன் ஒரு முறை வைத்திருந்தார்: கடிதம் ஒன்று, பத்திரிகைக்கு ஒரு ஊர். முதல் பத்திரிகைக்கு அக்கராயன் மதகடி என்றும், அடுத்ததற்கு ஜெயபுரம் மதகடி என்றும், மற்றதற்கு இரணைமடு மதகடி என்றும் ஊரை மாற்றிச் சொல்ல, யதுர்ஷிகா போனில் அடித்து அனுப்பினாள்.

"ஜெயபுரத்தில குப்பை கிடக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று பத்மாசனி கேட்டாள்.

"அங்கை மதகு இருக்கெல்லோ. மதகு இருந்தா குப்பையும் கிடக்கும்."

வெள்ளிக்கிழமை ஒரு பத்திரிகை கடிதத்தைப் போட்டது. பெட்டி கட்டி, கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்து, ஒரு சொல்லையும் வெட்டாமல் போட்டது. ஊர் மட்டும் ஜெயபுரம். மற்றப் பத்திரிகைகள் அக்கராயனையும் இரணைமடுவையும் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானம் போன் வந்தது. கழிவு அள்ளும் பகுதிக்குப் பொறுப்பான யோகலிங்கம் பத்திரிகையிடம் இலக்கம் வாங்கி எடுத்திருந்தார். கடிதத்தைப் பார்த்து மேலிடம் கொதித்துப்போய் இருக்கிறதாம். நாளைக் காலையே டிராக்டரும் ஆட்களும் ஜெயபுரம் மதகடிக்கு வருகிறார்களாம்.

தில்லைநாதன் குரலைத் தாழ்த்தினார். ஐந்தே ஐந்து நிமிடம், அப்படியே அக்கராயன் மதகடிக்கும் ஒருக்கால் வந்துபோக ஏலாதா என்று கேட்டார். இல்லாத மரியாதையெல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது.

"அது பேப்பரில வரேல்லையே ஐயா. எனக்கு ஜெயபுரத்துக்குத்தான் ஓடர்," என்றார் யோகலிங்கம். "அங்கை எவ்வளவு கிடந்தாலும் ஒரு இறகு மிச்சம் விடாமல் அள்ளுவம். நீங்கள் யோசியாதேங்கோ."

தில்லைநாதன் போனைப் பையில் போட்டுக்கொண்டு படலையடிக்குப் போனார். குவியல் காலையில் பார்த்ததைவிட வளர்ந்திருந்தது. யாரோ புதிதாக மீன்செதிலும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவர் நெடுநேரம் யோசியாமல்தான் நின்றார்.

சனிக்கிழமை, நிலம் வெளிக்கிற நேரம். ஜெயபுரம் மதகடியில் தில்லைநாதனின் இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நின்றது. மதகடி, சோறு போட்டுச் சாப்பிடலாம்போலத் துப்புரவாக இருந்தது. அவர் அதன் பின்னால் பூட்டிய பெட்டியிலிருந்து உரப்பைகளை ஒவ்வொன்றாக இழுத்து இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பை வெடித்து, இளஞ்சூடான அந்தப் பச்சை நீர் அவருடைய செருப்புக்குள் இறங்கியது. ஓரமாகப் போய் ஓங்காளித்துவிட்டு வந்து அடுத்த பையைப் பிடித்தார்.

எதிர்வீட்டு மீனம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். தங்கள் ஊர் நாறுகிறதென்று எவனோ ஒரு கேடுகெட்டவன் பேப்பரில் எழுதிவிட்டானாம். அது பொய்யென்று காட்டுவதற்கு நேற்று ஊரே சேர்ந்து இந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கியதாம். மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தவள், வெடித்த பையைக் கண்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இப்ப ஆபீசுக்காரங்க வந்துருவாங்க. என்னங்கய்யா இது?"

தில்லைநாதன் கடைசிப் பையையும் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பேப்பரில வந்த குப்பை இதுதான், தங்கச்சி."