கமராவைப் பார்த்தவன்

“முப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு போய் மன்னிப்புக் கேக்க வேணுமோ அப்பா?” மிதுசா இருட்டில் காதோடு கேட்டாள்.

“படத்தைப் பார் பிள்ளை,” என்றார் ரகுநாதன்.

டுசல்டோர்ஃபின் அந்தச் சின்னத் திரையரங்கில் தஜிகிஸ்தான் இயக்குநர் தவ்லத்தின் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. ‘ஒரு துணை நடிகனின் சிரிப்பு என் பெயரைக் கெடுத்தது’ என்று அவர் பேட்டி கொடுத்ததைப் படித்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சரியான நித்திரை இல்லை.

அகதியாய் ஜெர்மனிக்கு வரும் வழியில் ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இரண்டு மாதம் அடைத்து வைத்தது, கடவுச்சீட்டோடு குடும்பப் படங்களையும் வாங்கி எரித்தது, ‘இந்திய வியாபாரிகள்’ வேண்டுமென்று சினிமாக்காரர் வந்து ஷூட்டிங்குக்கு ஆள் பிடித்துப் போனது எல்லாம் அப்பா அடிக்கடி சொல்லும் கதை. அதற்குப் பிறகு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் மட்டும் எழுந்து தேநீர் போடப் போய்விடுவார்.

திரையில் ஒட்டக வரிசை பாலத்தில் ஏறியது. தலைப்பாகை கட்டிய ஒல்லிப் பொடியன் ஒருவன் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அதே மூக்கு, அதே தெற்றுப்பல். அப்பா எவ்வளவு வடிவாய் இருந்திருக்கிறார் என்று மிதுசாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

படம் முடிந்ததும் தவ்லத் மேடையேறினார். எண்பது வயது. சொந்த நாட்டில் ஆறு படம் எடுத்தவர், உள்நாட்டுப் போருக்குத் தப்பி இங்கே வந்தபின் ஒன்றுகூட எடுக்கவில்லை. துஷான்பே வெயிலையும் ஸ்டூடியோ வாசல் மல்பெரி மரத்தையும் பற்றி ஆசை ஆசையாய்ப் பேசினார்.

“திரும்ப எடுக்க அன்றைக்கு ஃபிலிம் இல்லை. இப்போது புதுப் பிரதி போடுகிறோம். கமராவைப் பார்த்த அந்தச் சிரிப்பை வெட்டிவிடப் போகிறேன்,” என்றார்.

ரகுநாதன் எழும்பினார். இத்தனை வருசம் பேசிய ஜெர்மன் வாயில் வரவில்லை.

“வெட்ட வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. அவன் கமராவைப் பாக்கேல்லை.”

மிதுசா குழப்பத்தோடு மொழிபெயர்த்தாள்.

“பிறகு யாரைப் பார்த்தாராம்?” என்றார் தவ்லத்.

“கமராவுக்குக் குடை பிடிச்சுக்கொண்டு நிண்ட என்னைப் பாத்துச் சிரிச்சவன்,” என்றார் அப்பா. “அது உன்ரை சித்தப்பா, பிள்ளை. போலந்து எல்லையில ஆத்தைக் கடக்கேக்குள்ள தண்ணியோட போயிட்டான். அவன்ரை படமெண்டு எங்களுக்கு இது ஒண்டுதான் மிச்சம்.”