லிஃப்ட் இல்லாத ஊர்

“அந்த ஊர்ல லிஃப்டே கிடையாது, தெரியுமா?” என்றபடி திங்கட்கிழமை காலையில் வீட்டுக்குள் நுழைந்தார் கணவர்.

ஆரம்பித்துவிட்டாரே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவளுக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. இத்தனை வருடமாகக் கம்ப்யூட்டர் திரையிலேயே மேகம் பார்த்துக் கண் பூத்துப் போனவளை, மலை நகரத்து ஆய்வு நிலையத்துக்குத் தலைமை அதிகாரியாக வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே வருமாம். செய்தி வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து கணவர் நாளுக்கொரு குறையோடு வீடு திரும்பினார்.

“அங்க துணியே காயாதாம். எடுத்துப் போட்டா பூஞ்சை வாசம் அடிக்குமாம்.”

“இங்க வேர்வையில ஒரு நாளைக்கு மூணு துணி மாத்தறோம். அங்க ஒண்ணு போதும்.”

“பஸ்ல போனா வளைவுக்கு வளைவு குடலைப் புரட்டிடும்.”

“தினமுமா பஸ்ல ஏறப் போறோம்? ஒரு தடவை போய் இறங்கினா சரி.”

“தெருவே படிக்கட்டுதான். பால் வாங்கிட்டு வர்றதுக்குள்ள முழங்கால் கழண்டுடும்.”

“அதுக்கு முன்னாடி உங்க தொப்பை கரைஞ்சிடும்.”

முதலில் அவளுக்கு இது விளையாட்டாகத்தான் இருந்தது. போகப் போக அலுத்துவிட்டது.

அவளுடைய அக்கா ஃபோனில் போட்டு உடைத்தாள். “இதுகூடவா புரியல உனக்கு? பொண்டாட்டி பெரிய அதிகாரியா போறது அந்த மனுஷனுக்குப் பொறுக்கல. நேரா வேண்டாம்னு சொன்னா பேர் கெட்டுப் போகுமே! அதான் சுத்தி வளைச்சு முட்டுக்கட்டை போடறார்.”

“சேச்சே, அப்படியெல்லாம் இல்லக்கா.”

“இல்லையா? மூணு வாரமா சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பிப் போறவர் திங்கட்கிழமைதான் வீடு வந்து சேர்றார். எங்கே போறார்னு கேட்டியா?”

கேட்காமல் இல்லை. ‘அவசர வேலை’ என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை.

அவர் பக்கத்து நியாயமும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தே பாதிப் பயத்தைப் போக்கிவிடுவார். அவர் சொன்னால் செய்ய ஒரு பெரிய பட்டாளமே இருந்தது. இரண்டு மாடிக்கு மேல் யாரும் வீடு கட்டாத ஊரில் அப்படிப்பட்ட மனிதர் என்ன செய்வார்? துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாரா?

இன்றைக்கு அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

அவர் குழாயடியில் நின்று கிரீஸ் அப்பிய கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்னால் போய் நின்றாள்.

“நான் போகலைங்க. இன்னிக்கே ஆபீஸ்ல வேண்டாம்னு சொல்லிடறேன்.”

சோப்பு நழுவிக் கீழே விழுந்தது.

“ஏன்?”

“ஏனா? தினமும் ஒரு குறை சொல்லிட்டு இப்போ ஏன்னு வேற கேக்கறீங்களா? உங்களுக்குத்தான் அந்த ஊர் பிடிக்கலையே!”

“பிடிக்கலைன்னு நான் எப்போ சொன்னேன்? குறைதானே சொன்னேன்!”

“ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?”

அவர் ஈரக் கையோடு திரும்பினார்.

“புது லிஃப்ட் மாட்டினா முதல் நாளே ஆளை ஏத்த மாட்டோம். எவ்வளவு தாங்கணுமோ அதுக்கு மேலயே இரும்புக் கட்டியை ஏத்தி ஓட்டிப் பார்ப்போம். அப்பவும் கம்பி அசைஞ்சு கொடுக்கலைன்னாதான் ஜனங்களுக்குக் கதவைத் திறந்து விடுவோம். உன் ஆசை மேலயும் நான் தினம் ஒண்ணா ஏத்திப் பார்த்தேன். அங்க போயி நாலு நாள் மழைக்கே நீ அழுதுட்டு உக்காரக் கூடாதில்ல? நீ ஒண்ணுக்குமே அசையல. பதிலுக்குப் பதில் கொடுத்தே! எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இந்த மனிதரையா அக்கா அப்படிச் சொன்னாள்! ஆனாலும் அவள் விடவில்லை.

“பெருமை இருக்கட்டும். எனக்கு அங்க வேலை இருக்கு, வீடு இருக்கு, ஆசைப்பட்ட மேகம் இருக்கு. லிஃப்டே இல்லாத ஊர்ல நீங்க என்ன பண்ணுவீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல. இந்த மூணு வாரமா எங்கே போயிட்டு வர்றீங்கன்னும் சொல்லிடுங்க.”

அவர் குனிந்து சோப்பை எடுத்தார். மறுபடி கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“ரெண்டுக்கும் ஒரே பதில்தான். அந்த ஊர்ல மலை உச்சிக்கு ரோப்கார் ஓடுதில்ல, அங்க கிரீஸ் டப்பா தூக்கற ஹெல்ப்பர் வேலை காலியா இருந்துச்சு. மூணு வாரமா போய்க் கத்துக்கிட்டேன், நேத்து சேர்த்துக்கிட்டாங்க. நீ எப்போ வர்றே?”