பதிவேட்டில் விடுபட்ட பெயர்

"என் புருஷனை ஊமையாக்கினது இவங்கதான், எஞ்சினியர்" என்று இன்ஸாஃப் கையை நீட்டிக் காட்டினாள்.

கணினியைப் பழுதுபார்க்க வந்திருந்த ஷவ்கி திரும்பிப் பார்த்தான். சோபா ஓரத்தில் உட்கார்ந்து முலூக்கியா கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவளுடைய நாத்தனார் நிஃமத், தலை நிமிரவே இல்லை.

சக்கர நாற்காலியில் இருந்தவர் அவள் கணவர் ஃபிக்ரி. ஆறு வருஷத்துக்கு முன்புவரை மன்சூரா நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். நரம்பு நோய் வந்து கை, கால், நாக்கு எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிட்டது. மிஞ்சியது வலது கையில் ஒரு விரல்.

அந்த விரலை நம்பித்தான் கணினி. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது கைக்கடியில் இருக்கும் ஒரே பொத்தானை அழுத்துவார். வாக்கியம் சேர்ந்ததும் கணினி அவருக்காகப் பேசும்.

அந்தக் குரல் நின்று ஐந்து நாளாகிவிட்டது. நிஃமத் துருக்கித் தொடர் பார்க்கிறேன் என்று அதை நோண்டித்தான் கெடுத்தாள் என்பது இன்ஸாஃபின் தீர்ப்பு.

இரண்டு கடைக்காரர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடலாம் என்றிருக்கிறார்கள். ஷவ்கி அதற்கு ஒப்பவில்லை. பேசும் நிரலை விற்ற நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதன் உரிமம் இந்த ஒரு கணினிக்குள்தான் இருக்கிறது. அழித்தால் குரலும் அதோடு போய்விடும்.

கணினியைக் கடைக்கு எடுத்துப்போய் நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டினான். இருக்கிறதை இருக்கிறபடி முதலில் நகல் எடுத்துக்கொண்டான். பிறகு ரெஜிஸ்ட்ரி என்கிற உள்பதிவேட்டைப் புரட்டினான். பேசும் நிரலைப் பற்றிய குறிப்புகள் அதில் ஓட்டை ஓட்டையாக இருந்தன. கணினி தானாகவே எடுத்து வைத்திருந்த பழைய பிரதி ஒன்று ஒரு மூலையில் கிடைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, விடுபட்டதை மட்டும் திரும்ப எழுதினான். முந்நூறுக்கு மேல் வரிகள். கடைக்கு வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினான்.

ஐந்தாம் நாள் காலை கொண்டுவந்து ஃபிக்ரியின் முன்னால் வைத்தான்.

"எதனால கெட்டுது?" என்று இன்ஸாஃப் கேட்டாள்.

"கணினியைச் சுத்தம் பண்ணி வேகமாக்கறேன்னு ஒரு நிரல் உள்ள வந்திருக்கு. யாரோ சரின்னு சொல்லிட்டாங்க. குப்பைன்னு நினைச்சு அது பதிவேட்டுல கை வச்சிடுச்சு. சிவில் பதிவேட்டுல பேர் விட்டுப்போனவன் நேர்ல போய் நின்னாலும், அப்படி ஒரு ஆளே இல்லைம்பாங்களே, அந்தக் கதைதான். குரல் உள்ளேயேதான் இருந்துது. கணினிதான் இல்லைன்னு சாதிச்சுது."

இன்ஸாஃப் நாத்தனார் பக்கம் திரும்பினாள். பத்து நாள் கோபமும் அவள் முகத்தில் வந்து நின்றது.

"யாரோ சரின்னு சொல்லியிருக்காங்களாம். கேட்டுக்கிட்டீங்களா, அக்கா?"

அதற்குள் ஃபிக்ரியின் விரல் அசைய ஆரம்பித்தது. மூவரும் திரையையே பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் ஆனது.

"நான்தான் சரி என்றேன். அக்காவைத் திட்டாதே" என்றது கணினி.

இன்ஸாஃப் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். குரல் திரும்பியதற்காகவா, வெட்கத்துக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு எழுந்து போய் நிஃமத்தின் உச்சந்தலையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டாள். நிஃமத் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஷவ்கிக்கு மனசு ஆறவில்லை. அந்த நிரலை ஏற்க வேண்டுமானால் மௌஸை நகர்த்தி இரண்டு இடத்தில் அழுத்தியாக வேண்டும். ஒரே விரலும் ஒரே பொத்தானும் உள்ள மனுஷனால் அது நடக்காது. பத்து நாள் கழித்துப் பேசக் கிடைத்த முதல் வாக்கியத்தை, பாவம், அக்காவுக்காகப் பொய் சொல்லிச் செலவழித்துவிட்டார். இந்த அம்மாவும் வாயை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டாளே.

வழியனுப்ப வாசல்வரை வந்தது நிஃமத்தான். படியில் நின்று அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"உங்க தம்பி உங்களுக்காகப் பழியை ஏத்துக்கிட்டார்மா. அவரால அதைச் செஞ்சிருக்க முடியாது. அந்த நிரல் எப்போ நுழைஞ்சுதுன்னு பதிவேட்டுலயே இருக்கு. பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். உள்ள வச்சு நான் சொல்லலை. இனிமே பார்த்து நடந்துக்குங்க."

நிஃமத் பின்னால் கையை விட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"செவ்வாய்க்கிழமை காலையில நான் ஃபிக்ரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன், எஞ்சினியர். திரும்ப மதியம் ஆயிடும். வாரத்துல அந்த ஒரு காலைதான் இன்ஸாஃபுக்கு ஓய்வு. தனியா உட்கார்ந்து அந்தக் கணினியில பாட்டுக் கேட்பா."

ஷவ்கி மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு நாங்க வந்ததும் அவதான் சொன்னா, ஏதோ வந்து திரையை மறைச்சுது, போகட்டும்னு அமுக்கினேன்னு. ரெண்டு நாள் கழிச்சுத்தானே குரல் நின்னுது? அவளுக்கு அது ஞாபகத்துலயே இல்லை. எனக்கும் ஃபிக்ரிக்கும் இருக்கு."

"பத்து நாளா நீங்க ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"ஆறு வருஷமா அவனைத் தூக்கிக் குளிப்பாட்டறவ. அவன் வாயை அடைச்சது தன் கைதான்னு தெரிஞ்சா தாங்குவாளா? திட்டறதுக்குத்தான் நாத்தனார்னு ஒருத்தி நான் இருக்கேனே."