நாலு இலக்கம்

“மொதலாளி, இங்க வந்து பாருங்க! பத்தாயிரம் தாண்டிட்டேன், பெட்டி சைபருக்குப் போயிருச்சு!”

ஜெயராசாவின் குரல் கேட்டுக் கடைக்காரர் ஜாபிர் எழுந்து வந்தார். வீடியோ கேம் பெட்டியின் திரையில் 0020 என்று இருந்தது.

ஜெயராசா லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றின் லொறி டிரைவர். பதுளை ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கும் நேரத்தில், நான்கு மாதமாக இந்தக் கடைக்கு வந்து, திரையில் இறங்கிவரும் கப்பல்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டில் அவருக்கு ஆசையே கிடையாது. சுவரில் தொங்கிய பலகைதான் காரணம்: ‘பத்தாயிரம் புள்ளி எடுப்பவருக்குத் தையல் மெஷின் பரிசு.’

அவர் மனைவி வேலாயிக்கு முழங்கால் போய்விட்டது. இனி மலையேறிக் கொழுந்து எடுக்க முடியாது. உட்கார்ந்து தைக்க முடியும்.

“ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு இருந்துச்சுங்க. இன்னொரு கப்பலச் சுட்டேன், முப்பது புள்ளி. பத்தாயிரத்து இருபது வரணும்ல?”

“வரணும்தான். ஆனா இருபதுதானே இரிக்கி?”

ஜெயராசாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. விடியற்காலையிலிருந்து வளைவு வளைவாக லொறி ஓட்டி வந்த கை, விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது. “எதிர்க்கட பாஸக் கூப்பிட்டுக் கேளுங்க. அவர் சொன்னா ஏத்துக்கிறேன்” என்றார்.

எதிரே ரேடியோ திருத்தும் புவாத் வந்தார்; கைத்தொழில்காரரை அங்கே ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பெட்டியைக் கடையில் பொருத்தியவரும் அவர்தான். பின்பலகையைக் கழற்றி வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், ஜாபிரை அண்ணன் முறை வைத்து அழைத்துப் பேசினார்.

“பழுதொண்டும் இல்ல. இதுக்கு நாலு இலக்கம்தான் எண்ணத் தெரியும். அதத் தாண்டினா மறுபடி சைபர்ல இருந்து தொடங்கும். இவர் எடுத்தது பத்தாயிரத்து இருபதுதான். பரிசக் குடுங்க, நானா.”

“கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்கு நான் எப்படிப் பரிசு குடுக்க?” ஜாபிர் தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

“அப்ப இது யாருக்குமே கெடைக்காது. இல்லீங்களா, மொதலாளி?”

ஜாபிர் மேசை இழுப்பறையைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்கினார். ஜெயராசா கழற்றி வைத்திருந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அரை மணி நேரம் கழித்து, ஸ்டேஷன் வாசலில் அவர் லொறியில் ஏறும்போது பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். புவாத். தோளில் ஒரு கைத் தையல் மெஷின்.

“மொதலாளி மனசு மாறிட்டாரு, டிரைவர். புதுசு இல்ல. ஆனா நல்லாத் தைக்கும்.”

ஜெயராசா அதை இரு கைகளாலும் வாங்கினார். “அவரப் போயித் தப்பா நெனச்சுட்டேனே, பாஸ். நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன். பாத்துப் போங்க, பாதை வழுக்கும்.”

லொறி திரும்பி மறையும்வரை புவாத் அங்கேயே நின்றார். பிறகு மெதுவாக வீட்டுக்கு நடந்தார்.

பாதி தைத்த சட்டையோடு வாசலிலேயே நின்றிருந்தாள் மனைவி றஷீனா. “தொழுதுட்டு வாறதுக்குள்ள என் மெஷினக் காணோம். எங்க கொண்டுபோனீங்க?”

புவாத் படியில் உட்கார்ந்தார்.

“‘பத்தாயிரம்னு எழுதுங்க, நானா, அந்தப் பெட்டியில அது வரவே வராது’ன்னு ஜாபிருக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான், றஷீனா.”